பித்தம் எங்கே போகிறது?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. பித்தப்பையில் கல் என்று ஆறு நாட்களுக்கு முன் லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையை எடுத்தார்கள். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தார். மூன்றாம் நாளிலிருந்து வலப்பக்க மேல்வயிற்றில் வலி, வயிறு உப்பல், சாப்பாட்டைக் கண்டாலே பிடிக்கவில்லை. நேற்று லேசான காய்ச்சல். மறுபடி அட்மிட் செய்து அல்ட்ராசவுண்ட் பார்த்ததில் கல்லீரலுக்கு அடியில் நீர் தேங்கியிருக்கிறது என்கிறார்கள். நாளை ‘ஹைடா ஸ்கேன்’ எடுக்க வேண்டுமாம். நியூக்ளியர் மெடிசின் துறையில் கதிரியக்க மருந்தை ஊசியில் போட்டு எடுப்பார்கள் என்று கேட்டதும் அப்பா பயந்துவிட்டார். சி.டி. எடுத்தால் தெரியாதா? சர்ஜன் ஏதோ தவறு செய்துவிட்டு மறைக்கிறாரா? கசிவு இல்லை என்று ரிப்போர்ட் வந்தால் நிம்மதியாக இருக்கலாமா? என் மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி; மூன்று வயது மகள் பாட்டியின் மடியை விட்டு இறங்கமாட்டாள். இவர்கள் அருகில் போகலாமா?

பதில்: உங்கள் கடிதம் வந்ததுமே “எடுத்துவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம்” என்று இரண்டு வரி அனுப்பியிருந்தேன். அப்போது அதற்கு மேல் எழுத நேரமில்லை. உங்கள் அப்பாவுக்கு வந்த பயம் புதிதல்ல. எங்கள் துறையின் கதவில் ஒட்டியிருக்கும் கதிரியக்கக் குறியைப் பார்த்ததுமே பாதிப் பேர் வாசலில் தயங்கி நிற்பார்கள். நீங்கள் கேட்ட மற்ற கேள்விகளும் பலர் மனதில் வைத்துக்கொண்டு கேட்காமல் போகிறவைதான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்கேனைப் பற்றிப் பேசும் முன் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்ட ஒரு வரி: “முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் இருந்தார்.” லேப்ராஸ்கோபி செய்தவர் ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடக் கொஞ்சம் தேறி வர வேண்டும். வயிற்றை விரிக்க உள்ளே செலுத்திய கார்பன் டை ஆக்சைடு வாயுவால் தோள்பட்டையில் குத்தும். அது இரண்டொரு நாளில் அடங்கிவிடும். துளை போட்ட இடத்தில் வலி இருக்கும். அதுவும் குறைந்துகொண்டே வரும். தேறி வந்தவர் மூன்றாம் நாள், நான்காம் நாள் திரும்பி மோசமாகிறார் என்றால் அதுவே ஒரு பரிசோதனை முடிவு மாதிரி. பித்தக் கசிவு பெரும்பாலும் முதல் வாரம் பத்து நாளுக்குள் இப்படித்தான் தலைகாட்டும். பித்தம் வயிற்றுக்குள் சிந்தினால் உடனே ஊரைக் கூட்டும் வலி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். சுத்தமான பித்தம் ஆரம்பத்தில் அவ்வளவாக ஆர்ப்பாட்டம் செய்வதில்லை. உப்பல், பசியின்மை, குமட்டல், இனம்புரியாத ஒரு சோர்வு என்று மெல்லத்தான் தொடங்கும். கிருமி சேர்ந்த பிறகுதான் நிலைமை சட்டென்று மாறும். அம்மாவை நீங்கள் திரும்பக் கூட்டிப் போனது மிகச் சரி.

இப்போது உள்ளே என்ன நடந்திருக்கலாம் என்று பார்ப்போம். கல்லீரல் ஒரு நாளைக்குச் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. அது சின்னச் சின்னக் கிளை நாளங்கள் வழியாக வந்து, முதன்மைப் பித்தநாளத்தில் சேர்ந்து, முன்சிறுகுடலில் போய் விழுகிறது. பித்தப்பை இந்த வழியில் ஓரமாகத் தொங்கும் ஒரு சேமிப்புப் பை, அவ்வளவுதான். பையை எடுத்துவிட்டாலும் பித்தம் சுரப்பது நிற்காது. பைக்கும் முதன்மை நாளத்துக்கும் இடையே இருந்த குட்டைக் குழாயில் கிளிப் போட்டு மூடிவிடுவார்கள். பித்தம் நேராகக் குடலுக்குப் போகும்.

கசிவு பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வரும். கிளிப் போட்ட முனை சரியாக மூடாமலோ, பின்னர் அந்தத் திசு நைந்து கிளிப் விலகியோ கசியலாம். பித்தப்பை ஒட்டியிருந்த கல்லீரல் படுகையில் சிலருக்கு நூல் போன்ற நாளங்கள் ஓடும். லுஷ்கா நாளங்கள் என்று பெயர். பையைப் பிரித்தெடுக்கும்போது அவை அறுபட்டிருக்கலாம். இவை இரண்டும்தான் அதிகம் காண்பவை, சரிசெய்வதும் எளிது. மூன்றாவது, முதன்மை நாளமோ அதன் பெரிய கிளையோ காயப்படுவது. அது அரிது. ஆனால் அதைத்தான் யாரும் தவறவிடக் கூடாது.

அல்ட்ராசவுண்டில் நீர் தெரிந்தது என்றீர்கள். அங்கேதான் சிக்கல். அறுவை முடிந்த பிறகு அந்தப் படுகையில் கொஞ்சம் நீர் தேங்குவது நன்றாக இருப்பவர்களிடமும் காணக்கூடியது. கழுவ விட்ட உப்புநீரின் மிச்சமாக இருக்கலாம். கசிந்த இரத்தமாக இருக்கலாம். திசுநீராக, சீழாக, பித்தமாக இருக்கலாம். அல்ட்ராசவுண்டுக்கு எல்லாமே கருப்புதான். சி.டி. இதைவிட நன்றாகச் சொல்லும். நீர் எவ்வளவு, எங்கெங்கே, சுற்றிலும் சுவர் கட்டிச் சீழ்க்கட்டி ஆகிவிட்டதா, இரத்தக் குழாயில் ஏதாவது கோளாறா என்பதெல்லாம் அதில் தெரியும். உங்கள் அம்மாவுக்கு அதுவும் எடுக்க நேரலாம். ஒன்றுக்குப் பதில் ஒன்று என்று இல்லை. ஆனால் இரண்டும் அந்த ஒரு நொடியின் படங்கள். கூரையில் ஈரத்தைக் காட்டும். ஓடு ஒழுகிக்கொண்டே இருக்கிறதா, நேற்றைய மழையின் மிச்சமா என்று சொல்லாது. ஹைடா ஸ்கேன் கேட்கும் கேள்வி இது ஒன்றுதான்: கல்லீரல் இப்போது சுரக்கும் பித்தம் எங்கே போகிறது?

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்றால், பித்தம் போகும் வழியிலேயே போகக்கூடிய ஒரு மருந்தில் மெல்லிய கதிரியக்க அடையாளம் ஒன்றை ஒட்டி அனுப்புகிறோம். இன்று பெரும்பாலும் மெப்ரோஃபெனின் என்ற மருந்து. கல்லீரல் செல்கள், பித்தத்துக்கு மஞ்சள் நிறம் தரும் பிலிருபினை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் அதே வாசல் வழியாக இதையும் இழுத்துக்கொண்டு பித்தத்தில் விடுகின்றன. இந்த மருந்துக் குடும்பம் பிறந்த கதை வேடிக்கையானது. 1970களின் நடுவில், லிடோகெய்ன் மருந்தை ஒத்த ஒரு மூலக்கூறை இதயத்தைப் படமெடுக்கலாம் என்ற எண்ணத்தில் செய்து பார்த்தார்கள். அது இதயத்தைக் கண்டுகொள்ளாமல் நேரே கல்லீரலுக்குப் போய்ப் பித்தத்தில் இறங்கிவிட்டது. வழி தவறிப் போன அந்த மருந்தின் வழித்தோன்றல்களைத்தான் இன்னும் ஊசியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

ஒட்டுகிற அடையாளம் டெக்னீசியம்-99எம். அதன் அரை ஆயுள், அதாவது அதன் பலம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி நேரம். இவ்வளவு சீக்கிரம் கரைந்துபோகும் பொருளை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. அன்றன்றைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மாலிப்டினம்-99 அடங்கிய ஈயக் கவசமிட்ட ஒரு சிறு கலம் எங்கள் ஆய்வகத்தில் இருக்கும். மாலிப்டினம் சிதைந்து டெக்னீசியமாக மாறிக்கொண்டே இருக்கும். காலையில் உப்புநீரை அதனூடே செலுத்தினால் டெக்னீசியம் கரைந்து வரும். இந்தக் கலத்துக்கு எங்கள் துறையில் பசு என்றே பெயர். காலையில் ‘பால் கறந்தாயிற்றா’ என்று டெக்னீஷியனைக் கேட்பது எங்களுக்கு வழக்கமான பேச்சு. மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம் என்பதால் வாரக் கடைசியில் பசு கொஞ்சம் வற்றியிருக்கும். நாளை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அவர்கள் கறாராகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கேன் நடக்கும் விதம் எளிது. படுத்திருக்கும்போது கை நரம்பில் ஊசி. மேலே காமா கேமரா என்ற தட்டையான கருவி. அது கதிர் எதையும் வெளியிடாது. உடலிலிருந்து வருவதை வாங்கிப் பதிவு செய்யும், அவ்வளவே. குகை மாதிரியான குழாய்க்குள் போக வேண்டியதில்லை, எம்.ஆர்.ஐ. போன்ற இரைச்சலும் இல்லை. முதல் ஒரு மணி நேரம் தொடர்ந்து படம் எடுப்போம், பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒன்று வீதம். முதல் சில நிமிடங்களில் கல்லீரல் முழுவதும் பளிச்சென்று தெரியும். பத்துப் பதினைந்து நிமிடங்களில் நாளங்கள் கோடு கோடாகத் துலங்கும். ஒரு மணி நேரத்துக்குள் குடலில் விழத் தொடங்கிவிடும். எல்லாம் சரியாக இருந்தால் அடையாளம் இட்ட மருந்து கல்லீரல், நாளம், குடல் என்ற ஒரே பாதையில் மட்டும் தெரியும்.

கசிவு இருந்தால் அந்தப் பாதைக்கு வெளியே எங்காவது மருந்து தெரியும். பித்தப்பை இருந்த குழியில் ஒரு புள்ளி தோன்றி, படத்துக்குப் படம் கனத்துக்கொண்டே போகும். அல்லது கல்லீரலின் மேற்பரப்பில் மெல்லிய போர்வை போலப் படரும். அல்லது பெருங்குடலின் வலப்பக்க ஓரமாக வழிந்து அடிவயிறு வரை இறங்கும். இதில் ஒரு கண்கட்டு வித்தையும் உண்டு. கல்லீரல் மருந்தைச் சுரந்து முடித்து மங்கிவிட்ட பிறகு, திடீரென்று மறுபடி கல்லீரல் தெரிவதுபோல இருக்கும். கல்லீரல் மறுபடி மருந்தை வாங்கிவிடவில்லை. கசிந்த பித்தம் அதன் மேல் படிந்திருக்கிறது. பயிற்சி இல்லாத கண் அதைக் கல்லீரல் என்றே எடுத்துக்கொண்டு போய்விடும்.

குடலின் ஒரு வளைவு கல்லீரலுக்கு அடியில் ஒட்டிக் கிடந்தாலும் கசிவு போலவே தெரியும். அதனால் நோயாளியை வலப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்வோம், எழுந்து நிற்கச் சொல்வோம், பக்கவாட்டிலிருந்து எடுப்போம். சிந்திய பித்தம் புரளும்போது இடம் மாறும். குடலுக்குள் இருப்பது குடலின் போக்கில் நகரும். சந்தேகம் தீராவிட்டால் அதே மேசையிலேயே சி.டி.யையும் சேர்த்து முப்பரிமாணத்தில் எடுக்கும் ஸ்பெக்ட் சி.டி. என்ற வசதி இருக்கிறது. எந்தப் புள்ளி எந்த உறுப்பின் மேல் விழுகிறது என்று அதில் பிடிபட்டுவிடும்.

முதல் ஒரு மணி நேரத்தோடு முடித்துவிடக் கூடாது என்பதை நான் ஒரு தவறின் மூலம் கற்றுக்கொண்டேன். பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மணி நேரப் படத்தில் மருந்து அழகாகக் குடலில் இறங்குவதைப் பார்த்து, ‘கசிவு இல்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அந்த நோயாளியின் வயிற்றில் ஊசி வைத்து எடுத்த நீர் பச்சையாக வந்தது. மெதுவாகக் கசியும் பித்தம் தெரியும் அளவுக்குச் சேர நேரம் பிடிக்கும். அதற்குப் பிறகு 3, 4 மணி நேரப் படம் இல்லாமல் இந்த ரிப்போர்ட்டில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. தேவைப்பட்டால் 24 மணி நேரம் கழித்தும் ஒரு படம் எடுப்போம். ஆகவே, ‘அம்மாவை மறுபடி மறுபடி கூப்பிடுகிறார்களே, ஏதோ மோசம் போல’ என்று கலங்க வேண்டாம். கூப்பிடாமல் விட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

அம்மாவுக்கு டிரெயின் டியூப் (வயிற்றில் தேங்குவதை வெளியே ஒரு பையில் வடியவிடும் குழாய்) இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் ஒன்றை வார்டில் சொல்லி வையுங்கள்: ஸ்கேன் தொடங்கும்போது பை காலியாக இருக்கட்டும், அதன் பிறகு கடைசிப் படம் வரை யாரும் அதைக் காலி செய்துவிடக் கூடாது. பையையும் கேமராவின் கீழ் வைத்துப் படம் எடுப்போம். வயிற்றுக்குள் ஒன்றும் தெரியாமல் பை மட்டும் மின்னினால், கசிந்தது மொத்தமும் டியூப் வழியே வெளியேறுகிறது என்று அர்த்தம். நல்ல எண்ணத்தோடு இடையில் பையைக் கொட்டிச் சுத்தம் செய்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. எங்களுக்கு அது தடயத்தைக் கழுவிவிட்டு வந்ததுபோல.

தயாரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சுமார் 4 மணி நேரம் வெறும் வயிறு. மார்ஃபின், பெத்திடின், டிராமடால் போன்ற வலி மருந்துகள் போடப்பட்டிருந்தால் எப்போது போட்டார்கள் என்று கட்டாயம் சொல்லுங்கள். பித்தநாளம் குடலில் திறக்கும் இடத்தில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. மார்ஃபின் வகை மருந்துகள் அதை இறுக்கிவிடும். பித்தம் குடலுக்குள் இறங்கத் தாமதமாகி, நாளமே அடைபட்டதுபோல ஒரு பொய்த் தோற்றம் வரும். பாராசிட்டமாலால் இந்தத் தொல்லை இல்லை. பிலிருபின் அளவு எவ்வளவு என்ற இரத்தப் பரிசோதனைத் தாளையும், அறுவைக் குறிப்பையும் கையோடு கொண்டுபோங்கள். மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தால் கல்லீரல் மருந்தை மெதுவாகத்தான் வாங்கும். மருந்தின் அளவைக் கூட்ட வேண்டி வரலாம். அறுவைக் குறிப்பில் நான் முதலில் தேடுவது ஒரு விஷயம்: பை முழுவதுமாக எடுக்கப்பட்டதா, அல்லது அழற்சி அதிகமிருந்து ஒரு பகுதியை விட்டுவிட்டார்களா? விட்டுவைத்த மிச்சப் பையில் மருந்து நிறைவதைப் பார்த்துவிட்டு கசிவு என்று எழுதிவிடக் கூடாது இல்லையா?

ரிப்போர்ட் எப்படியெல்லாம் வரலாம்? கசிவு இருக்கிறது, ஆனால் பெரும்பாலான பித்தம் குடலுக்குப் போகிறது என்பது ஒன்று. முதன்மை வழி திறந்திருக்கிறது, ஓரத்தில் எங்கோ ஒழுகுகிறது என்று அதற்குப் பொருள். கிளிப் முனையோ லுஷ்கா நாளமோ என்றால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். அடுத்தது, பித்தம் மொத்தமும் வெளியே கொட்டுகிறது, குடலில் ஒரு துளியும் இல்லை என்பது. பெரிய நாளம் அறுபட்டிருக்கலாம். அன்றைக்கே அடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். இன்னொன்று, வெளியேயும் கசிவில்லை, குடலுக்கும் போகவில்லை, கல்லீரலிலேயே மருந்து தங்கிக் கிடக்கிறது. கிளிப் தவறுதலாக முதன்மை நாளத்தின் மேல் விழுந்திருக்கலாம், நழுவி வந்த கல் ஒன்று வாயை அடைத்திருக்கலாம், அல்லது கல்லீரலே சோர்ந்திருக்கலாம். மூன்றையும் இந்த ஸ்கேன் தனியே பிரித்துக் காட்டிவிடாது, பித்தநாளங்களை எம்.ஆர்.ஐ. கருவியில் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. தேவைப்படும்.

இங்கே எங்கள் கருவியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஹைடா படம் பார்க்க மங்கலாகத்தான் இருக்கும். கசிகிறது என்பதை அது உறுதியாகச் சொல்லும். எந்த நாளத்தின் எந்த இடம் என்று மில்லிமீட்டர் கணக்கில் காட்டாது. நாளங்களின் வரைபடம் வேண்டுமென்றால் எம்.ஆர்.சி.பி. கல்லீரல் வழியே பித்தத்தில் இறங்கும் காண்ட்ராஸ்ட் மருந்தைக் கொடுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் கசிவையும் வரைபடத்தையும் சேர்த்தே பார்க்கலாம். அந்த வசதி இருக்கும் இடத்தில் உங்கள் மருத்துவர் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

கண்டுபிடித்த கையோடு சரிசெய்யவும் உதவுவது இ.ஆர்.சி.பி. வாய் வழியே எண்டோஸ்கோப்பை இறக்கி, நாளத்தின் வாயில் சாயம் செலுத்திப் பார்த்து, ஸ்டென்ட் என்ற சிறு குழாயை உள்ளே வைப்பார்கள். பித்தத்துக்குக் குடல் பக்கம் போவது எளிதாகிவிட்டால் ஓட்டைப் பக்கம் போகாது. ஓட்டை தானே ஆறிவிடும். சில வாரங்கள் கழித்து ஸ்டென்ட்டை எடுத்துவிடலாம். தேங்கிய பித்தத்தை ஊசிக் குழாய் வைத்து வெளியேற்றுவது தனி வேலை. கசிவை அடைப்பது மட்டும் போதாது, சிந்தியதையும் அள்ள வேண்டும். கிளிப் முனைக் கசிவு என்றால் பெரும்பாலும் இந்த இரண்டோடு கதை முடிந்துவிடும். மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டியிருக்காது. முதன்மை நாளம் அறுபட்டிருந்தால் குடலின் ஒரு பகுதியைக் கொண்டுவந்து நாளத்தோடு இணைக்கும் பெரிய அறுவை தேவைப்படும். அதை அந்த வேலையில் கைதேர்ந்த கல்லீரல் - பித்தநாளச் சர்ஜன்தான் செய்ய வேண்டும். வேறு இடத்துக்கு அனுப்புகிறோம் என்று உங்கள் மருத்துவர் சொன்னால் அதைக் கைகழுவுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தானே முயன்று பார்க்காமல் அனுப்புகிறவர்தான் நல்லது செய்கிறார்.

‘இ.ஆர்.சி.பி.தான் நேரே பார்த்துச் சரிசெய்கிறதே, இந்த ஸ்கேன் எதற்கு?’ என்று கேட்கலாம். சில நேரம் நேரே அதற்கே போய்விடுவதும் உண்டு. டிரெயினில் பச்சையாகப் பித்தம் வந்துகொண்டிருந்தால் கசிகிறது என்று நிரூபிக்க என் கேமரா தேவையில்லை. ஆனால் இ.ஆர்.சி.பி.க்கும் அதற்கே உரிய ஆபத்துகள் உண்டு, கணைய அழற்சி அவற்றில் முதன்மையானது. தேங்கியது வெறும் திசுநீர் என்றால் அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? இன்னொரு காரணமும் இருக்கிறது. சிலருக்கு கல்லீரலின் வலப்பக்கப் பகுதி ஒன்றிலிருந்து வரும் நாளம் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்வாக வந்து சேரும். அறுவையில் அது முழுவதுமாக அறுபட்டிருந்தால் முதன்மை நாளத்தோடு அதற்குத் தொடர்பே இருக்காது. இ.ஆர்.சி.பி.யில் கீழிருந்து ஏற்றும் சாயம் அதை எட்டாது. ‘நாளம் நன்றாக இருக்கிறது, கசிவு இல்லை’ என்று வரும். ஆனால் அந்தத் துண்டிக்கப்பட்ட பகுதி பித்தத்தை வயிற்றுக்குள் ஒழுகவிட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் மருந்து கல்லீரல் செல்லிலிருந்து கீழ்நோக்கி வருவதால் இந்த ஒழுகலைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பரிசோதனையும் முரண்பட்டால் ஏதோ ஒன்று தவறு என்று தூக்கிப் போடக் கூடாது. இந்த அறுபட்ட கிளையை நினைத்துக்கொள்ள வேண்டும்.

சர்ஜன் மறைக்கிறாரா என்று கேட்டீர்கள். உங்கள் சர்ஜனை எனக்குத் தெரியாது, ஆனால் மறைக்க நினைப்பவர் இந்த ஸ்கேனை எழுதிக் கொடுக்கமாட்டார். சாதாரண வலி, வாயு என்று மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார். எல்லாம் சரியாகச் செய்த கைகளிலும், நூறு பேரில் ஒருவருக்கு என்ற அளவில் ஏதோ ஒரு வகைக் கசிவு வரத்தான் செய்கிறது. முதன்மை நாளக் காயம் அதைவிட மிகக் குறைவு. ஆயிரத்தில் ஓரிருவர் முதல் ஐவர் வரை. ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற சர்ஜன் 1985-ல் முதன்முதலாக லேப்ராஸ்கோபி மூலம் பித்தப்பையை எடுத்தார். பிறகு அந்த முறை வேகமாகப் பரவியபோது, வயிற்றைத் திறந்து செய்த காலத்தைவிட நாளக் காயங்கள் கூடின. அதனால்தான் 1995-ல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் இந்தக் காயங்களை ஏ முதல் ஈ வரை வகை பிரித்தார். எதையும் வெட்டும் முன் உறுதிசெய்ய வேண்டிய காட்சி எது என்றும் வரையறுத்தார். ரிப்போர்ட்டிலோ பேச்சிலோ ‘ஸ்ட்ராஸ்பெர்க் ஏ’ என்று வந்தால் அது நான் முன்பு சொன்ன கிளிப் முனை அல்லது லுஷ்கா நாளக் கசிவு, பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம். சர்ஜனிடம் கோபமாகக் கேட்பதைவிட நேரடியாகக் கேளுங்கள்: “அறுவையில் என்ன பார்த்தீர்கள், சிரமமாக இருந்ததா, கசிவு என்றால் அடுத்து என்ன செய்வோம்?” மூன்றாவது கேள்விக்குத் தயாராகப் பதில் வைத்திருப்பவரை நம்பலாம்.

கசிவு இல்லை என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா? பெரும்பாலும் இருக்கலாம். தாமதப் படங்களும் எடுத்து, கல்லீரல் மருந்தை நன்றாக வாங்கி, எல்லாம் குடலுக்கு இறங்கியிருந்தால், ஸ்கேன் நேரத்தில் சொல்லும்படியான கசிவு இல்லை என்று நம்பலாம். ஆனால் முன்பே கசிந்து நின்றுபோய், தேங்கியது மட்டும் உள்ளே இருக்கலாம். அந்த நீர் கிருமி பிடித்துச் சீழாகலாம். அதை என் ஸ்கேன் பார்க்காது; காய்ச்சலும் வெள்ளணுக்களும் சி.டி.யும்தான் சொல்லும். அம்மாவின் முகம் தெளியவில்லை, காய்ச்சல் இறங்கவில்லை என்றால் ‘ஸ்கேன் நார்மல்’ என்ற தாளை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சம்மதிக்காதீர்கள். அதேபோல, ஸ்கேனுக்கு நேரம் வரும் முன்பே குளிர் நடுக்கம், நாடித் துடிப்பு ஏறுவது, இரத்த அழுத்தம் இறங்குவது, வயிறு பலகை போல இறுகுவது என்று ஏதாவது தெரிந்தால் ஸ்கேனுக்காகக் காத்திருக்கவே கூடாது. அப்போது முதலில் சிகிச்சை, படம் எல்லாம் பிறகுதான்.

அப்பாவின் பயத்துக்கு வருவோம். அம்மாவுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு சுமார் 3 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் நாம் உண்ணும் பொருளிலிருந்தும் உலகில் ஒரு மனிதருக்கு ஆண்டுக்குச் சராசரியாக வந்து சேரும் இயற்கைக் கதிர்வீச்சு 2.4 மில்லிசீவர்ட். அதைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவே. சி.டி. எடுத்தால் தெரியாதா என்று கேட்டீர்களே, வயிற்று சி.டி. ஒன்றில் பெரும்பாலும் இதைப்போல இரண்டு மூன்று மடங்கு கிடைக்கும். ‘அணு’ என்ற சொல் கதவில் எழுதியிருப்பதால் எங்கள் அறை மட்டும் பயமாகத் தெரிகிறது. அயோடின் கலந்த காண்ட்ராஸ்ட் இதில் இல்லை, சிறுநீரகத்துக்குப் பாரமில்லை, ஒவ்வாமை மிக அரிது. ஊசி போட்டதும் சூடோ மயக்கமோ வராது. ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் அம்மாவுக்கு இதில் உண்மையான கஷ்டம். முதுகுவலி இருந்தால் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை கேளுங்கள்.

மருந்தின் பலம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். மலத்தோடும் சிறுநீரோடும் போவது தனி. ஆகவே, அன்று கழிவறையில் நிறையத் தண்ணீர் ஊற்றிவிட்டு கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். டிரெயின் பையைக் காலி செய்கிறவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் மனைவி ஸ்கேன் அறைக்கு வர வேண்டாம். துணைக்கு நீங்களோ அப்பாவோ போங்கள். அம்மாவிடமிருந்து வெளிவரும் கதிர் மிகக் குறைவுதான். இந்த ஸ்கேனுக்குப் பிறகு குடும்பத்தாரை விலக்கி வைக்க வேண்டும் என்று கண்டிப்பான விதி எதுவும் இல்லை. இருந்தாலும் வயிற்றில் குழந்தை இருக்கும்போது தேவையில்லாத சிறு அளவையும் எதற்கு வாங்க வேண்டும்? அன்று இரவு வரை பக்கத்தில் உட்கார்ந்திராமல் இரண்டு மூன்று எட்டு தள்ளி நின்று பேசட்டும். மகளை அன்று ஒரு நாள் மட்டும் பாட்டியின் மடியில் நெடுநேரம் உட்காரவிட வேண்டாம். வந்து முகம் பார்த்துவிட்டுப் போகலாம். மறுநாள் காலை முதல் எந்தத் தடையும் இல்லை. துளை போட்ட இடத்தில் குழந்தையின் முட்டி படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.